தோமா கேட்டதில் என்ன தப்பு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்கள் வாசகர் பக்கத்தில் வந்த இரண்டு கடிதங்களைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. சர்ச்சுக்குப் போகிறவர்கள் செருப்போடு மூளையையும் வாசலில் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே போகிறார்கள் என்று ஒருவர் எழுதியிருந்தார் (எங்கள் சபையில் செருப்பைக் கழற்றுவதில்லை, அது வேறு விஷயம்). அவருக்குப் பதில் எழுதிய சகோதரர், விசுவாசத்தில் கேள்விக்கே இடமில்லை, சந்தேகம் சாத்தான் போடுகிற விதை என்று முடித்துவிட்டார். முதல் ஆள் சொன்னதைவிட இரண்டாவது ஆள் சொன்னதுதான் எனக்கு உறுத்தியது. ஏனென்றால் அவரும் என்னைப் போல ஒரு விசுவாசி, என் வீட்டு ஆள் மாதிரி.

நான் திருநெல்வேலிப் பக்கத்து சி.எஸ்.ஐ. குடும்பத்தில் பிறந்தவள், இருபது வருஷமாகப் பரங்கிமலை அடிவாரத்தில் குடியிருக்கிறேன். இந்த மலைக்கே இயேசுவின் சீடரான தோமாவின் பெயர்தான் (இங்கிலீஷில் செயின்ட் தாமஸ் மவுண்ட்), ஆனால் சண்டே ஸ்கூலில் அவரை எங்களுக்கு அறிமுகப்படுத்தியது, உயிர்த்தெழுந்த இயேசுவைப் பார்க்காமல் நம்பமாட்டேன் என்ற சந்தேகத் தோமா என்று. நோவாவின் பேழைக்குள் அத்தனை மிருகங்களுக்கும் தீனி எங்கே வைத்தார்கள் என்று எவனாவது கேட்டால், "நீ என்ன சந்தேகத் தோமாவா?" என்று உட்கார வைத்துவிடுவார்கள்.

யோவான் 20-ஆம் அதிகாரத்தை நிதானமாகப் படித்தால் கதை வேறு மாதிரி இருக்கிறது. தோமா இல்லாத நேரத்தில், உயிர்த்தெழுந்த இயேசு வந்து மற்ற சீடர்களுக்குத் தன் கைகளையும் விலாவையும் காட்டிவிட்டுப் போகிறார். அவர்கள் பார்த்தாயிற்று, நம்பியாயிற்று. தோமா கேட்டது அவர்களுக்குக் கிடைத்த அதே அத்தாட்சியைத்தான், கூடப்போனால் தொட்டும் பார்க்க வேண்டும் என்றார். அந்த மற்றவர்களாவது உடனே நம்பினார்களா? கல்லறையிலிருந்து ஓடிவந்து சொன்ன பெண்களின் பேச்சு அவர்களுக்கு 'வீண்பேச்சாக' தோன்றியது என்று லூக்கா எழுதிவைத்திருக்கிறார். பழி மட்டும் தோமாவுக்கு. இறந்துபோன நண்பன் லாசருவைப் பார்க்க இயேசு யூதேயாவுக்குப் போனால் கல்லெறிவார்கள் என்று எல்லோரும் தயங்கியபோது, "அவரோடேகூட மரிக்கும்படி நாமும் போவோம் வாருங்கள்" என்று கிளம்பியவரும் இதே தோமாதான். அதை யாரும் சொல்லித் தருவதில்லை. காணாமல் நம்புகிறவர்கள் பாக்கியவான்கள் என்று இயேசு சொன்னார், உண்மைதான். ஆனால் அதற்கு முன்னால் உன் விரலை இங்கே நீட்டு என்றும் சொன்னாரே.

கேள்வி கேட்கக்கூடாது என்றால் என்ன நடக்கும் என்பதை நான் வீட்டிலேயே பார்த்தேன். ஆறு வருஷத்துக்கு முன்னால் எங்கள் பெரியம்மா ஒரு சுகமளிக்கும் கூட்டத்துக்குப் போனார். மேடையில் இருந்தவர் "சர்க்கரை வியாதியால் கஷ்டப்படுகிற ஒரு சகோதரிக்கு இன்று விடுதலை" என்று சொல்ல, அது தனக்குத்தான் என்று எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். அன்றோடு மாத்திரை நின்றுவிட்டது, எங்களுக்குத் தெரியாது. இரண்டு மாதம் கழித்து, செருப்பு கடித்த புண் ஆறாமல் சுண்டுவிரல் கறுத்துப் போன பிறகு, பைபிளின் ஜிப் கவருக்குள் பிரிக்காத மாத்திரை அட்டைகள் வரிசையாக இருந்ததை நான்தான் எடுத்தேன். விரலை எடுக்க வேண்டியதாகிவிட்டது. அதைவிடக் கொடுமை, ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்த அந்தக் கூட்டத்துக்காரர் ஒருவர் பழத்தைக் கையில் கொடுத்துவிட்டு, "விசுவாசத்தில் எங்கேயோ குறை இருந்திருக்கும்மா" என்றார். குணமானால் அது அற்புதம், குணமாகாவிட்டால் உன் குறை. எப்படிப் போனாலும் மேடைக்காரருக்குத் தோல்வியே கிடையாது. அப்போஸ்தலர் பவுல், அடிக்கடி வியாதிப்பட்ட தன் உடன் ஊழியன் தீமோத்தேயுவுக்கு எழுதும்போது உனக்கு விசுவாசம் பத்தாது என்று எழுதவில்லை, வயிற்றுக்காகக் கொஞ்சம் திராட்சரசம் சேர்த்துக்கொள் என்றுதான் எழுதினார். அவர்கூட இருந்த லூக்கா வைத்தியர்.

2012-ல் மும்பையில் நடந்தது பலருக்கு ஞாபகம் இருக்கும். இர்லாவில் உள்ள வேளாங்கண்ணி மாதா ஆலயத்தில் சிலுவையின் காலடியிலிருந்து தண்ணீர் சொட்டியது, ஜனங்கள் பாட்டிலில் பிடித்தார்கள். பகுத்தறிவாளர் சனல் எடமருகு போய்ப் பார்த்துவிட்டு, பக்கத்தில் சாக்கடை அடைத்துக்கொண்டிருக்கிறது, அந்தத் தண்ணீர்தான் விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுகிற மாதிரி சுவரில் ஊறி ஏறிச் சொட்டுகிறது என்று காட்டினார். அந்தத் தண்ணீரைக் குடிக்காதே என்றவருக்கு நன்றியல்லவா சொல்லியிருக்க வேண்டும்? நம்மவர்களில் சிலர், மத உணர்வைப் புண்படுத்தினார் என்று 295ஏ பிரிவில் புகார் கொடுத்தார்கள். கைதாகலாம் என்ற நிலையில் அவர் ஃபின்லாந்துக்குப் போய்விட்டார். ஒரு கிறிஸ்தவளாக எனக்கு அது இன்றைக்கும் வெட்கம்தான்.

இத்தனைக்கும் சோதித்துப் பார்ப்பது சபைக்குப் புதிதல்ல. ஒருவரைப் புனிதர் என்று அறிவிக்கும் முன் அவருக்கு எதிராக வாதாடவே ரோமில் ஓர் அதிகாரியை 1587-ல் ஐந்தாம் சிக்ஸ்டஸ் போப் நியமித்தார், ஜனங்கள் அவருக்கு வைத்த பெயர் சாத்தானின் வக்கீல். 1983-ல் அந்த வேலையின் பல்லைப் பிடுங்கிவிட்டார்கள், அது தப்பு என்பது என் எண்ணம். ஆனால் அதற்குப் பிறகும், அன்னை தெரசாவைப் புனிதராக்குவதற்கான விசாரணையில், அவரைக் கடுமையாகத் தாக்கி எழுதிய நாத்திகர் கிறிஸ்டோபர் ஹிட்சன்ஸைக் கூப்பிட்டு அவர் சாட்சியத்தையும் கேட்டார்கள். பிரான்சிலுள்ள லூர்து மாதா திருத்தலத்தில் குணமானோம் என்று இதுவரை 7,000 பேருக்கு மேல் சொல்லியிருக்கிறார்கள். விசுவாசி அல்லாத டாக்டர்கள்கூட அங்கே அந்தக் கேஸ்களைப் பரிசோதிக்கலாம். அற்புதம் என்று அறிவிக்கப்பட்டவற்றில் 70-வது வந்தது 2018-ல். நம் ஊரில் ஒரே ராத்திரிக் கூட்டத்தில் எழுபது எண்ணிவிடுவார்கள்.

எங்கள் மலைமேல் இருக்கிற கல் சிலுவையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1547-ல் போர்த்துக்கீசியர் தோண்டும்போது கிடைத்தது. அதைச் சுற்றி வெட்டியிருக்கும் எழுத்து யாருக்கும் புரியவில்லை, ஒருவர் அதில் தோமாவின் கதையே எழுதியிருக்கிறது என்று வாசித்துச் சொல்ல, கேட்டவர்களுக்கும் அதுதானே வேண்டும், நம்பிவிட்டார்கள். அது பாரசீகத்துப் பஹ்லவி எழுத்து என்று பர்னல் என்ற அறிஞர் 19-ஆம் நூற்றாண்டில் சொன்ன பிறகு அந்தக் கதை போயிற்று. சிலுவை போகவில்லை, மலையேறுகிறவர்களும் குறையவில்லை.

முதல் கடிதக்காரருக்கும் ஒன்று. பிரபஞ்சம் ஒரு பெருவெடிப்பில் தொடங்கியது என்கிற கொள்கைக்கு அடிப்படை போட்ட லெமெத்ர் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார். 1951-ல் போப்பே அந்தக் கொள்கையைப் படைப்புக்கு ஆதாரம் என்கிற மாதிரிப் பேசியபோது, அதை மனங்கோணாமல் ஏற்றுக்கொள்ள முடியாதவர் அவர்தான், அறிவியலை இதில் இழுக்காதீர்கள் என்பது அவர் கட்சி. அவர் மூளையை எந்த வாசலில் கழற்றி வைத்தார் என்று நண்பர் சொல்லட்டும். கடவுள் இருக்கிறார் என்று என்னால் நிரூபிக்க முடியாது, சரி, முடியும் என்று நான் சொல்லவுமில்லை. "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று மாற்குவில் ஒரு தகப்பன் கண்ணீரோடு கத்துகிறானே, பைபிளிலேயே எனக்குப் பிடித்த ஜெபம் அதுதான்.

பெரியம்மா இன்னும் அந்தக் கூட்டத்துக்குப் போகிறார். மாத்திரையும் போடுகிறார். இரண்டில் எது வேலை செய்கிறது என்று நான் கேட்டுக்கொள்வதில்லை, மாதம் ஒருமுறை சர்க்கரை அளவை மட்டும் பார்த்துவிடுகிறோம். ஜிப் கவரையும் அப்பப்போ திறந்து பார்ப்பேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பரங்கிமலை, சென்னை.