நாவற்பழம் அளவான கட்டி

களுவாஞ்சிகுடி

அன்புள்ள மகளுக்கு,

நேற்றிரவு நீ தொலைபேசியில் அதைச் சொல்லத் தொடங்கும்போதே அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டதால், நான் "ம்" கொட்டிக்கொண்டிருந்தேனே தவிர வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. யோனி வாயிலின் இடப்பக்கம் நாவற்பழம் அளவில் கட்டி, நோவில்லை, இரண்டு கிழமையாக இருக்கிறது என்றாய். நீ சொன்ன இடத்தை வைத்துப் பார்த்தால் அது பார்தோலின் சுரப்பிக் கட்டியாகத்தான் இருக்க வேண்டும். ஆனாலும் பார்த்துச் சொல்ல வேண்டியவர் வைத்தியர்.

யோனி வாயிலின் இருபுறமும், மணிக்கூட்டு முகத்தில் 4, 8 இருக்கும் இடங்களில், கடலையளவு இரண்டு சுரப்பிகள் ஈரப்பதனுக்கான நீரைச் சுரக்கின்றன. டென்மார்க்கைச் சேர்ந்த காஸ்பர் பார்தோலின் 1677இல் இவற்றை விவரித்ததால் அவருடைய பெயர் வந்தது. சுமார் 2.5 சென்ரிமீற்றர் நீளமான சிறுகுழாய் வழியாக அந்த நீர் வெளியேறும். குழாய் வாய் அடைபட்டால் நீர் உள்ளேயே தேங்கிக் கட்டியாகும். அதில் கிருமி சேர்ந்தால் சீழ்க்கட்டியாகும். அடைப்புக்குப் பெரும்பாலும் காரணம் தெரிவதில்லை. உன் நடத்தையோ துப்புரவோ இதில் குற்றவாளி அல்ல. சீழில் பெரும்பாலும் இருப்பவை நம் உடம்பில் சாதாரணமாக வாழும் கிருமிகள்தாம்; சிலவேளை பாலுறவால் தொற்றும் கிருமிகளும் காரணமாவதால் வைத்தியர் அதற்கும் பரிசோதிக்கலாம். அதை அவமானமாக எடுத்துக்கொள்ளாதே.

அவமானம் என்று நினைத்து நான் பட்டது போதும். உன் அண்ணனுக்கு இரண்டு வயதாக இருக்கையில் எனக்கும் இது வந்தது. ஊரெல்லாம் தாய்மாருக்குப் புத்தி சொல்லும் குடும்பநல மாதான நான், நான்கு நாள் ஒருவரிடமும் சொல்லாமல், அம்மம்மா அரைத்துத் தந்த மஞ்சளையும் வேப்பிலையையும் பூசிக்கொண்டு, சைக்கிளில் இருக்க முடியாமல் அதை உருட்டிக்கொண்டே போய், வாவியைக் கடக்கும் குருமண்வெளிப் பாதைப் படகில் மண்டூர்க்கரை வரும்வரை நின்றபடியே கடந்தேன். காய்ச்சல் வந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே ஒரு தாதி, "என்ன செய்து எடுத்தீங்க இதை?" என்று கேட்டா. கீறிச் சீழை எடுத்தார்கள், அன்றிரவே நோவு இறங்கியது. ஆனால் கீறிய வாய் விரைவில் மூடிக்கொண்டதால் ஒரு வருடத்துக்குள் திரும்பவும் வந்தது. இரண்டாம் முறை கட்டியைத் திறந்து, அதன் ஓரங்களைத் தோலோடு சேர்த்துத் தைத்து, நிரந்தரமாக ஒரு வாய் வைத்தார்கள்; அதன்பின் வரவில்லை. இப்போது நுனியில் சிறு பலூன் உள்ள மெல்லிய குழாயொன்றை உள்ளே வைத்து, 4 முதல் 6 கிழமை விட்டு, புதிய வழி உண்டாகச் செய்வதும் உண்டு. சுரப்பியையே எடுத்துவிடுவது, கட்டி திரும்பத் திரும்ப வருபவர்களுக்குக் கடைசி வழி.

உனக்கு இவ்வளவு தேவைப்படாது. நோவில்லாத சிறு கட்டிக்குச் சிகிச்சையே வேண்டியதில்லை. பேசினில் தாங்கக்கூடிய சூட்டில் தண்ணீர் ஊற்றி, நாளுக்கு மூன்று நான்கு தடவை 10 அல்லது 15 நிமிடம் இடுப்பு நனைய இரு. சில நாளில் தானாக உடைந்து வடியவும் கூடும். நசுக்காதே, ஊசியால் குத்தாதே, பாமசியில் மாத்திரை வாங்கி நீயாக விழுங்காதே. சிவந்து சுட்டாலோ, நடக்க நொந்தாலோ, காய்ச்சல் காய்ந்தாலோ அன்றே போய்விட வேண்டும். (பெரியம்மாவுக்கு ஒரு பேச்சு: 40 வயதுக்கு மேல் புதிதாக இப்படி வந்தால், அரிதாகப் புற்றுநோயாகவும் இருக்கலாம் என்பதால், துண்டெடுத்துச் சோதிப்பது வழக்கம். அவவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன்.)

இந்தக் கிழமை எப்படியும் கொழும்பு காசல் வீதி பெண்கள் ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டு. பெண் வைத்தியர் வேண்டுமென்று கேட்கலாம், தயங்காதே. தனியாகப் போகக் கூச்சமாக இருந்தால் சொல், இரவுக் கோச்சியில் நான் வருகிறேன். அப்பாவிடம் உனக்குப் பலகாரம் கொண்டுபோவதாகச் சொல்லியிருக்கிறேன், அவர் ஏற்கெனவே முறுக்குக்கு மா இடிக்கக் கொடுத்துவிட்டார்.

அன்புடன்,
அம்மா