கறிவேப்பிலைச் செடியில் செதில் பூச்சி

ஆயர் ஈத்தாம், பினாங்கு
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் நலம். இங்கே மழை விட்டபாடில்லை.

நீ அனுப்பிய கறிவேப்பிலைப் படத்தை அக்கா பெரிதாக்கிக் காட்டினாள். இலை பிசுபிசுக்கிறது, கறுப்பாக ஏதோ படிகிறது என்று எழுதியிருந்தாய். தண்டில் பழுப்பாக ஒட்டிக்கொண்டிருக்கும் புள்ளிகளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதைப் பட்டை என்று நினைத்துவிட்டாய் போலிருக்கிறது. தண்ணீர்மலைப் பூந்தோட்டத்தில் ஆயுசைக் கழித்தவன் மகனுக்குச் செதில் பூச்சி தெரியவில்லை. உன்னைச் சொல்லி என்ன, படி படி என்று விரட்டி, தோட்டத்துப் பக்கமே விடாமல் வளர்த்தோம்.

கட்டை விரல் நகத்தால் ஒன்றை நெம்பிப் பார். பட்டையாக இருந்தால் தோலோடு கிழியும். பூச்சி என்றால் ஓட்டோடு கழன்று வரும், அடியில் தண்டு பச்சையாக இருக்கும். பெண் பூச்சி வளர்ந்த பிறகு நகராது. ஊசி வாயைச் செடிக்குள் இறக்கி, ஓட்டுக்குள் இருந்தபடியே சாற்றை உறிஞ்சும். அதிகமாகக் குடித்ததை இனிப்பு நீராக வெளியே விடும். நீ சொன்ன பிசுபிசுப்பு அதுதான். அதன்மேல் வளர்கிற பூசணம்தான் கறுப்பு. துடைத்தால் போகும், ஆனால் பூச்சி இருக்கிற வரை திரும்ப வரும். எறும்பு ஏறுகிறதா என்று பார். அந்த இனிப்புக்காக எறும்பு இந்தப் பூச்சிகளைக் காவல் காக்கும், தின்ன வருகிற பொறிவண்டைக்கூட விரட்டிவிடும்.

படம் செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு வந்தது என்று அம்மா சொன்னாள். அதற்கு முந்தி அனுப்பியதும் அலுவலக நேரத்தில்தான் என்றாள். லீவு போட்டிருப்பான் என்று சொல்லிவிட்டேன். எந்த நேரமானால் என்ன, காலை வெளிச்சத்தில் எடுத்ததால் பூச்சி தெளிவாகத் தெரிந்தது.

இனி செய்ய வேண்டியதைச் சொல்கிறேன், அவசரப்படாமல் செய். முதலில் அந்தத் தொட்டியை மற்றச் செடிகளிடமிருந்து பிரித்து வை. ஓட்டுக்கு அடியில் முட்டை இருக்கும். அதிலிருந்து வெளிவரும் குஞ்சுகள் ஊசிமுனை அளவுதான். அவைதான் நடக்கும், இலைக்கு இலை தாண்டும், காற்றிலும் பறந்து போகும். உன் பல்கனியில் பதினான்காவது மாடிக் காற்று வேறு. பூச்சி அப்பிப் பிடித்த கிளைகளை வெட்டி, பிளாஸ்டிக் பையில் கட்டி வெளியே போட்டுவிடு. மொட்டையாகிவிடுமே என்று யோசிக்காதே, கறிவேப்பிலை வெட்ட வெட்டத் தழையும்.

மிச்சமிருப்பதைப் பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்து உதிர்த்துவிடு. இதில் சோம்பல் கூடாது. தெளிக்கிற மருந்து பெரும்பாலும் ஓட்டைத் தாண்டி உள்ளே போகாது, அதனால் கை வேலைதான் முதல் வேலை. மருந்துக் கடையில் 70 சதவீத ஆல்கஹால் கிடைக்கும். பஞ்சுக் குச்சியில் தொட்டு ஒவ்வொரு ஓட்டிலும் வை. முதலில் ஒரே ஒரு இலையில் வைத்துப் பார், மறுநாள் இலை கருகவில்லை என்றால் மற்றதற்கும் வை.

அப்புறம் வேப்பெண்ணெய். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி, அதோடு பாத்திரம் கழுவுகிற சோப்பு நீர் சில சொட்டு. சோப்பு இல்லாவிட்டால் எண்ணெய் தண்ணீரில் கலக்காமல் மேலே மிதக்கும். துணி துவைக்கிற பவுடரைப் போட்டுவிடாதே. நன்றாகக் குலுக்கி, வெயில் தாழ்ந்த பிறகு, இலையின் அடிப்பக்கம் நனைய நனைய அடி. இலையில் இருக்கிற பூச்சி பெரும்பாலும் அடியில்தான் இருக்கும். மேலே மட்டும் அடித்துவிட்டு அப்பா சொன்ன மருந்து கேட்கவில்லை என்று சொல்லாதே.

வாரம் ஒரு முறை, நாலைந்து வாரம் விடாமல் செய்ய வேண்டும். ஒரு தடவை அடித்து, செடி தெளிந்த மாதிரி தெரிந்ததும் விட்டுவிடுவார்கள். முட்டை பொரித்து வந்ததும் பழைய கதைதான். செத்த பூச்சியின் ஓடும் உதிராமல் ஒட்டிக்கொண்டே இருக்கும், அதைப் பார்த்தும் பயப்படாதே. நசுக்கினால் பொடியாகப் போவது செத்தது, ஈரம் கசிந்தால் உயிரோடு இருக்கிறது. உனக்கு நேரம் இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை. வாரம் ஒரு முறை, அவ்வளவுதான்.

கடைக்காரன் வேரில் ஊற்றுகிற மருந்து ஒன்று கொடுப்பான். வாங்காதே. அது இலை முழுவதும் ஏறும், நாம் அந்த இலையைக் குழம்பில் போடுகிறவர்கள். யூரியாவும் இப்போது வேண்டாம். கொழுத்த தளிர் என்றால் இந்தப் பூச்சிக்குக் கொண்டாட்டம். எறும்பு ஏறாமல் இருக்கத் தொட்டியைத் தண்ணீர்த் தட்டில் நிறுத்தாதே, டெங்கிக் கொசு முட்டையிட்டு அபராதம் கட்டுகிற செலவும் சேரும். தொட்டியின் வெளிப்பக்கம் சுற்றிலும் வாசலின் தடவினால் போதும்.

நாங்கள் வேலை பார்த்த தோட்டமே பழைய கல் குவாரிதான். 1884இல் கர்ட்டிஸ் துரை அங்கே தோட்டம் போட ஆரம்பித்தார். பாறை கிடந்த இடத்தில் நாகலிங்க மரம் பூக்கிறது, ஒரு தொட்டிச் செடி பிழைக்காதா.

ஊர்ச் செய்தி ஒன்று. கீழ்மாடிப் பையனை உனக்கு ஞாபகம் இருக்கும், பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் வேலை பார்த்தவன். ஆள் குறைப்பில் வேலை போய்விட்டது. பாவம், வீட்டில் சொல்லாமல் தினமும் காலையில் சட்டை மாட்டிக்கொண்டு கிளம்பியிருக்கிறான். வேலை போனவர்களுக்குச் சொக்சோவில், அதுதான் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தில், மாதாமாதம் ஒரு தொகை கொடுக்கிறார்களாம், 2018 முதல் இருக்கிறதாம். ஆனால் வேலை போன நாளிலிருந்து 60 நாளுக்குள் மனுப் போட வேண்டுமாம். யாரிடமும் கேட்காததால் அவனுக்கு அது தெரியவில்லை, நாள் கடந்துவிட்டது. அவன் அப்பா என்னிடம் சொல்லிக் கண் கலங்கினார். வேலை போனதற்காக இல்லை. 60 நாள் என்பதை நினைவில் வைத்துக்கொள். உன் கூட்டாளிகள் யாருக்காவது உதவும்.

கோயிலில் யாராவது உன்னைப் பற்றிக் கேட்டால், அம்மா பதில் சொல்லி முடிப்பதற்குள் பூசை முடிந்துவிடும், அது உனக்கே தெரியும். போன வெள்ளிக்கிழமை ஒருவர் கேட்டதற்கு, "நல்லா இருக்கான்" என்று சொல்லிவிட்டுத் தேங்காய் வாங்கப் போய்விட்டாள். என்னிடமும் அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. நீ போன் செய்தால் அவளிடம் முதலில் பேசு.

இந்த மாதம் பணம் போட வேண்டாம். குளியலறைக் கூரை வேலை முடிந்துவிட்டது, எங்களுக்குப் பெரிதாகச் செலவில்லை. அடுத்த மாதமும் வேண்டாம். கௌரவம் பார்த்துப் போடாதே, போட்டால் திருப்பி அனுப்பிவிடுவேன். திருப்பி அனுப்ப எனக்குத் தெரியாது என்று சிரிக்காதே, அக்கா சொல்லித் தருவாள்.

தோது இருந்தால் ஒரு வாரம் வந்து இரு. சுங்கை நிபோங் பஸ் நிலையத்தில் நான் வந்து கூட்டிக்கொள்கிறேன். செடியைக் கொண்டுவராதே, இங்கே இருக்கிற எலுமிச்சைக்குத் தொற்றிவிடும். நீ மட்டும் வா. உன் அறையில் இருந்த அரிசி மூட்டையை எடுத்து வெளியே வைத்தாயிற்று.

வாரம் ஒரு முறை, மறந்துவிடாதே.

அன்புடன்,
அப்பா

பி.கு: பார்சலில் வேப்பெண்ணெய்க் குப்பியும் அம்மா செய்த நெத்திலிச் சம்பலும் இருக்கின்றன. இரண்டையும் ஒரே பையில் வைத்துவிட்டேன் என்று காலையிலிருந்து எனக்குத் திட்டு விழுகிறது. குப்பி கசிந்திருந்தால் சம்பலைச் சாப்பிடாதே, அம்மாவிடம் மட்டும் நன்றாக இருந்தது என்று சொல்லிவிடு.