கோயாசானில் ஒரு ராத்திரி தங்கிவிட்டு வா

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

ஒசாகாவில் எந்தக் கடைக்குப் போனாலும் சூப்பில் மீன் சாறு கலந்திருக்குமோ என்று விசாரித்தே உனக்குப் பாதிப் பசி போய்விடுகிறது. எனக்கு அதே கவலைதான். அங்கே வந்திருந்தபோது அப்பாவும் நானும் தங்கிய கோயாசான் மலைக்கோயிலுக்கு நீயும் ஒருமுறை போக வேண்டும். உனக்கு அப்போது லீவு கிடைக்கவில்லை. இப்போது தனியாகவாவது போ.

அங்கே துறவிகள் சாப்பிடும் ஷோஜின் சமையல்தான் தங்குகிறவர்களுக்கும். கறி, மீன் கிடையாது. வெங்காயம், பூண்டுகூட இல்லை. கடற்பாசியையும் காய்ந்த ஷிட்டாகே காளானையும் ஊறவைத்துச் சாறு எடுக்கிறார்கள். எள்ளை அரைத்துக் கிழங்கு மாவோடு கிளறிச் செய்யும் கோமாதோஃபு வாயில் வைத்ததும் கரைந்தது. சோயா டோஃபுவை உறையவிட்டு உலர்த்திய கோயாதோஃபு, சாறு முழுவதையும் உறிஞ்சிக்கொண்டு வந்தது. யாரையும் எதுவும் கேட்காமல், வந்த கிண்ணம் அத்தனையும் நீ காலி செய்யலாம்.

ஒசாகாவின் நம்பா ஸ்டேஷனில் ‘நன்காய்’ கம்பெனி ரயில் ஏறி, கடைசியில் கேபிள் காருக்கு மாறு. பஸ் போகும் வழியில் நியோனின்டோ என்ற சின்ன மண்டபம் வரும். 1872இல் அரசாங்கம் தடையை நீக்கும்வரை பெண்கள் அதைத் தாண்டி உள்ளே போக முடியாது. மலையைச் சுற்றி நடந்து, தூரத்திலிருந்தே கும்பிட்டுப் போனார்களாம். அங்கே கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போ.

காலை ஆறு, ஆறரைக்குப் பூஜை. தூக்கம் வந்தாலும் எழுந்துவிடு. சில கோயில்களில் ஓமம் வளர்க்கிறார்கள். 819இல் இங்கே கோயில் கட்டத் தொடங்கிய துறவி கூக்காய், சீனாவில் ஹுய்குவோவிடம் கற்றவர். ஹுய்குவோவின் குரு அமோகவஜ்ரர். அவருடைய குரு வஜ்ரபோதி, நம் தென்னாட்டிலிருந்து கடல் வழியாகச் சீனா போனவர். அந்தத் தீக்கு முன்னால் உட்கார்ந்திருந்தபோது எனக்கு அந்நிய இடம் என்றே தோன்றவில்லை.

அப்புறம் ஓக்குனோயின். தேவதாரு மரங்களுக்கு நடுவே இரண்டு கிலோமீட்டர் நடை. இரண்டு லட்சத்துக்கு மேல் சமாதிகள். கரையான் ஒழிப்புத் தொழில் செய்கிறவர்கள் தாங்கள் கொன்ற கரையான்களுக்காகவும் ஒரு கல் நட்டிருக்கிறார்கள். எனக்கு ரொம்பப் பிடித்தது அதுதான். வழியின் கோடியில் 835இலிருந்து கூக்காய் தியானத்தில் இருப்பதாக நம்புகிறார்கள். தினமும் இரண்டு வேளை அவருக்குச் சாப்பாடு எடுத்துப் போகிறார்கள். ஏறத்தாழ 1,200 வருடமாக ஒருவர் பசியோடு இருக்கக் கூடாது என்று நினைக்கிற ஊர் அது. உன்னை அங்கே அனுப்ப எனக்குத் தயக்கமே இல்லை.

ஐம்பது கோயில்கள்வரை அறை தருகின்றன. அக்டோபர் கடைசியில் இலை சிவக்கும் சமயம், சீக்கிரம் நிறைந்துவிடும். இந்த வாரமே பதிவு செய். ராத்திரிச் சாப்பாடு ஆறு மணிக்கெல்லாம் வந்துவிடும், ஐந்துக்குள் போய்ச் சேர். மலை 800 மீட்டர் உயரம். தடித்த ஸ்வெட்டரும் இரண்டு ஜோடி சாக்ஸும் எடுத்துக்கொள். குளியலறை பொதுவில்தான், கூச்சப்படாதே. எந்தத் தேதி என்று அப்பாவுக்கு ஒரு மெசேஜ் போட்டுவிடு.

அன்புடன்,
அம்மா