பொன்னாடைக்கு முன்னால் ஒரு எக்ஸ்ரே

கடற்படை தினத்தன்று முன்னாள் வீரர்களைக் கௌரவிக்கும் எங்கள் பகுதி விழாக் குழுவினருக்கு,

வணக்கம்.

டிசம்பர் 4 விழாவுக்காக நீங்கள் காரைக்குடிக்கும் தேவகோட்டைக்குமாக அலைவது ஊருக்கே தெரியும். குறை சொல்ல வரவில்லை என்று ஆரம்பித்தால் அது பொய்யாகிவிடும். குறை சொல்லத்தான் இந்த மடல்.

இந்த ஆண்டு மேடைக்கு ஆறு படி, கைப்பிடி இல்லை. கடற்படையின் பழைய முக்குளிப்புப் பிரிவில் இருந்த பெரியவர், எண்பதைத் தாண்டியவர், ஒவ்வொரு படியிலும் இடது காலை முதலில் வைத்து, பக்கத்தில் நின்ற பையனின் தோளைப் பிடித்துக்கொண்டு, வலது காலை இழுத்து மேலே சேர்த்தார். ஏறி முடித்ததும் தொகுப்பாளர் அவர் முதுகுக்குப் பின்னால் நின்று மைக்கில், "ஐயா எந்தக் கப்பல்ல இருந்தீங்க?" என்றார். அவர் திரும்பவில்லை. "ஐயாவுக்கு மறந்துபோச்சு போல" என்றதும் கூட்டம் சிரித்தது. அவருக்கு எதுவும் மறக்கவில்லை. காதுதான் கேட்கவில்லை. அதற்கு வயதை மட்டும் காரணம் சொல்ல முடியாது.

கடலில் பத்து மீட்டர் இறங்கினாலே உடம்பின் மேல் அழுத்தம் இரண்டு மடங்கு. மூக்கைப் பிடித்துக் காற்றை ஊதிக் காதைச் சமன்செய்துகொண்டே இறங்க வேண்டும். சளி பிடித்த நாளிலும் உத்தரவு என்றால் இறங்கித்தான் ஆக வேண்டும். அப்போது பலமாக ஊதினால் உள்காதின் மெல்லிய சவ்வு கிழிந்துபோகலாம், போன கேட்கும் திறன் திரும்பாமலே போகலாம். வெடிவேலையின் சத்தமும் அழுத்த அறைக்குள் காற்றடிக்கும் இரைச்சலும் இதற்கு மேல்.

காலை இழுக்கவைக்கும் இடுப்பு வேறு கதை. அழுத்தத்தில் மூச்சாக இழுத்த நைட்ரஜன் உடம்பில் கரைந்துவிடும். மேலே வரும்போது போதிய நேரம் நின்று நின்று வராவிட்டால் அது குமிழியாகிறது. எலும்புக்குப் போகும் ரத்தம் தடைபட்டு, தொடையெலும்பின் தலைப்பகுதியோ தோள்பட்டையோ உள்ளுக்குள் செத்துப்போகிறது. பல வருடம் வலியே இருக்காது. மூட்டு நொறுங்கும்போதுதான் தெரியும். அதற்குள் ஓய்வு பெற்று ஊருக்கு வந்திருப்பார். இங்கே "வாதம்" என்று தைலம் கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

அதனால்தான் கேட்கிறோம்: பொன்னாடை பிறகு, முதலில் காதுப் பரிசோதனையும் இடுப்பு, தோள் எக்ஸ்ரேயும்.

வெறுமனே "டைவர்" என்று சீட்டு எழுதினால் போதாது. குமிழி மேலே தெரியக் கூடாது என்பதற்காகத் தாக்குதல் வேலைக்குத் தூய ஆக்சிஜன் கருவி. விட்ட மூச்சே, கரியமில வாயுவை உறிஞ்சும் சோடா சுண்ணாம்பு டப்பா வழியாகச் சுற்றி வரும். டப்பாவுக்குள் தண்ணீர் புகுந்தால் காரக் கரைசல் வாயையும் தொண்டையையும் பொசுக்கும். ஆறேழு மீட்டருக்குக் கீழே ஆக்சிஜனே நஞ்சாகி வலிப்பு வரலாம். ஆனால் இடுப்பைத் தின்பது அந்தக் கருவி அல்ல, காற்றைச் சுவாசித்து ஆழத்தில் பார்த்த வேலை. ஆகவே எந்தக் கருவி, எவ்வளவு ஆழம், எத்தனை வருடம் என்று கேட்டு எழுதி டாக்டரிடம் கொடுக்க வேண்டும். ஆரம்பக் கட்டத்தில் எக்ஸ்ரே ஏமாற்றும். வலி இருந்தும் படம் சுத்தமாக வந்தால் எம்.ஆர்.ஐ. கேளுங்கள்.

அவர்களாக வாய் திறப்பார்கள் என்று காத்திருக்காதீர்கள். ரகசியம் காத்தே பழகியவர்கள். 1971-இல், வங்கதேச விடுதலைப் போரின்போது, மேற்கு வங்கத்தின் பாகிரதி ஆற்றங்கரையில், பிளாசிக்குப் பக்கத்தில், நம் கடற்படை வங்காள இளைஞர்களுக்குக் கப்பலடியில் காந்தக் கண்ணிவெடி ஒட்டப் பயிற்சி கொடுத்தது. கப்பலடியில் ஒட்டி வளரும் கொட்டலசைக் கத்தியால் சுரண்டி இரும்பு தெரிந்தால்தான் காந்தம் பிடிக்கும், அதுவும் இருட்டில். ஆகஸ்ட் 15 நள்ளிரவையொட்டி சிட்டகாங், மோங்லா, சாந்த்பூர், நாராயண்கஞ்ச் துறைமுகங்களில் கப்பல்கள் வெடித்தன. சொல்லிக்கொடுத்தவர்களின் பெயர் பல காலம் வெளியே வரவில்லை. கடற்படையின் சிறப்புக் கமாண்டோக்களான மார்கோஸ் படைக்கு அடித்தளமான பிரிவு தொடங்கியதே 1987-இல்தான். அதற்கு முந்தியவர்களுக்கு அந்தப் பெயரின் பளபளப்பும் கிடையாது.

இரண்டாம் உலகப் போரில், 1941 டிசம்பரில், எகிப்தின் அலெக்சாந்திரியா துறைமுகத்தில் பிரிட்டனின் வேலியன்ட் கப்பலை உடைத்த இத்தாலிய முக்குளிப்பு வீரர் துரான் த லா பென்னுக்கு 1945-இல் பதக்கம் குத்திவிட்டவர், அந்தக் கப்பலுக்கு அன்று கேப்டனாக இருந்த மோர்கனேதான். எதிரியே முறை தெரிந்து நடந்துகொண்டிருக்கிறார். நம் விழா பேனரிலோ வீரர்களின் படம் தபால்தலை அளவு, நன்கொடையாளர் படம் ஆளுயரம். வருடா வருடம் ஷீல்டு வேறு. வைக்க இடமில்லாமல் அலமாரி மேல் தூசி படிகிறது. சரி, அந்தப் பேச்சு இப்போது வேண்டாம். கோபத்தில் வந்துவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

தயவுசெய்து அடுத்த ஆண்டு மேடை போடாதீர்கள். நீங்களே அவர்கள் வீட்டுக்குப் போங்கள். முகப்பில் உட்காரவைத்து, எதிரே அமர்ந்து, முகம் பார்த்து நிதானமாகப் பேசுங்கள். கத்தினால் சொல் குழம்பும், உதடு தெரிந்தால் பாதி புரியும். கைத்தடியின் அடிரப்பர் தேய்ந்திருந்தால் ஆத்தங்குடிக் கல் வழுக்கிவிடும், புதிது மாட்டிவிட்டு வாருங்கள். டிஸ்சார்ஜ் புத்தகத்தையும், இருந்தால் முக்குளிப்புப் பதிவேட்டையும் நகல் எடுத்து, கேட்டு எழுதிய விவரத்தோடு அவர்கள் வீட்டிலேயே ஒரு கோப்பாக வையுங்கள். ஓய்வூதியம், ஊனப்படி என்று எந்த அலுவலகப் படி ஏறினாலும் முதலில் கேட்பது காகிதத்தைத்தான்.

காதுப் பரிசோதனை, எக்ஸ்ரே, கோப்பு. இந்த மூன்றும் அடுத்த டிசம்பருக்கு முன்பே முடிய வேண்டும். மதுரைக்கு அழைத்துப் போக வேன் ஏற்பாடு செய்தால், கூட வர ஆட்கள் நாங்கள் தருகிறோம். அடுத்த குழுக் கூட்டத்தில் இதை முதல் பொருளாக எடுத்துக்கொள்ளும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
முன்னாள் கடற்படையினர் சிலர்