எக்டேருக்கு எத்தனை கிலோன்னு மட்டும் கேட்டா போதாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

உங்க விவசாயப் பக்கத்தை விடாம படிக்கிறவன் நான், அதுல தட்டைப்பயறு பத்தி எழுதும்போதெல்லாம் எக்டேருக்கு இத்தனை கிலோ கூடிருச்சு, அதனால உற்பத்தித்திறன் வளர்ந்திருச்சுன்னு ஒரே வரியில முடிச்சுடுறீங்க, அது ரொம்ப நாளா மனசை உறுத்திட்டே இருக்கு. மகசூல் வேற, போட்டதுக்கு எவ்வளவு எடுத்தோம்ங்கிற உற்பத்தித்திறன் வேற. மருந்தும் உரமும் ஆள்கூலியும் ரெண்டு மடங்கு போட்டு மகசூல் கால்வாசி கூடுனா அதுல வளர்ச்சி எங்க இருக்கு?

சர்வே வேலையா நெறைய தட்டைப்பயறு காட்டுக்குள்ள போயிருக்கேன். ஒரு அம்மாகிட்ட "இந்தத் தடவை எவ்வளவு கெடச்சுது"ன்னு கேட்டேன். "எந்தப் பறிப்பைக் கேக்குறீங்க"ன்னு அவங்க திருப்பிக் கேட்டாங்க. நெத்து எல்லாம் ஒரே நாள்ல காயாதே, மூணு தடவையாவது பறிக்கணும், நடுவுல பச்சைக் காயும் எலையும் வீட்டுக்குப் போயிடும், கடைசியா கொடி மாட்டுக்குத் தீவனமாகும். என் படிவத்துல இருந்தது ஒரே ஒரு கட்டம். மூட்டைக் கணக்கை எழுதிட்டு வந்துட்டேன், மத்ததெல்லாம் காணாமப் போச்சு. குனிஞ்சு குனிஞ்சு பறிச்ச அவங்க உழைப்பும்தான், கூலி குடுக்கலேன்னா அது கணக்குலயே வர்றதில்ல.

ஊடுபயிர்னா இன்னும் சிக்கல். உலகத்துலயே அதிகமா தட்டைப்பயறு விளையுற நைஜீரியாவுல பெரும்பாலும் சோளம், கம்புக்கு நடுவுலதான் போடுறாங்க. அந்த மொத்தப் பரப்பையும் பயறுக்கே எழுதிட்டா எக்டேர் கணக்கு பாதாளத்துக்குப் போயிடும். வேர் முடிச்சு மண்ணுல சேர்க்குற தழைச்சத்தையும் யாரும் எழுதுறதில்ல, அதோட பலன் அடுத்த பயிர்லதான் தெரியும்.

அதே நாட்டுல காய்ப்புழுவைத் தாங்குற பி.டி. (Bt) ரகத்துக்கு, அதாவது புழுவைக் கொல்லுற பாக்டீரியாவோட மரபணுவைச் சேர்த்த ரகத்துக்கு, 2019ல அனுமதி குடுத்தாங்க. அந்த மாதிரி ரகத்துல மகசூல் அப்படியே இருந்தாக்கூட மருந்தடிக்கிறது குறைஞ்சா அது உற்பத்தித்திறன் வளர்ச்சிதான், ஆனா கிலோவை மட்டும் பாத்தா ஒண்ணும் மாறலேன்னு தோணும்.

இதுக்கெல்லாம் வழி இல்லாம இல்ல. மால்ம்குவிஸ்ட் குறியீடுன்னு ஒண்ணு இருக்கு, கேவ்ஸ், கிறிஸ்டென்சன், டீவர்ட்னு மூணு பேர் 1982ல உற்பத்தித்திறனை அளக்குறதுக்காகக் கொண்டுவந்தது. போட்டது எல்லாத்தையும் எடுத்தது எல்லாத்தையும் சேர்த்து ஒப்பிடும், அதோட வளர்ச்சியை ரெண்டாப் பிரிச்சும் காட்டும். முன்னாடி நிக்குற விவசாயியே புது ரகத்தால இன்னும் முன்னேறுனாரா, இல்ல பின்னாடி இருந்தவங்க அவரை எட்டிப் பிடிச்சாங்களாங்கிறது தனித்தனியாத் தெரியும். இந்தப் பிரிவு ரொம்ப முக்கியம், ஏன்னா முன்னாடி நிக்குறவரே முன்னேறலேன்னா ஆராய்ச்சி வேணும், பின்னாடி இருக்குறவங்க எட்டிப் பிடிக்கலேன்னா விதையும் பயிற்சியும் அவங்க கையில கெடைக்கணும். ஆனா இந்தக் குறியீடும் மழையைத் தானாக் கண்டுபிடிக்காது. வறட்சி வருஷத்துல ஆரம்பிச்சு நல்ல மழை வருஷத்துல முடிச்சா எல்லாரும் வளர்ந்த மாதிரிதான் காட்டும்.

அதனால அடுத்த தடவை இந்த மாதிரி செய்தி போடும்போது எந்த வருஷத்தோட எந்த வருஷத்தை ஒப்பிட்டாங்க, மழை எப்படி, வீட்டாள் உழைப்பைச் சேர்த்தாங்களா, கொடியும் பச்சைக் காயும் கணக்குல இருக்கான்னு கேட்டு, அதையும் சேர்த்துப் போடுங்க.

இப்படிக்கு,
உங்கள் வாசகன்