வியாழக்கிழமைத் தமிழ்ப் பாடவேளையைக் காலைக்கு மாற்றித் தரக் கோரும் நான்காவது மனு

அனுப்புநர்:
செயலர், பெற்றோர் ஆசிரியர் சங்கம்,
அரசினர் தொடக்கப் பள்ளி (ரோஸ் பெல்லுக்குத் தெற்கே, சூயாக் சாலை), மொரீஷியஸ்.

பெறுநர்:
மண்டலக் கல்வி அதிகாரி அவர்கள்.

பொருள்: தமிழ்நாட்டுப் பள்ளியுடனான கூட்டுக் கற்றல் வகுப்பு நின்றுபோனது, பாடவேளையை மாற்ற ஆணை வேண்டுதல்.

பார்வை: சென்ற ஜனவரி, மார்ச், ஜூன் மாதங்களில் நேரில் அளித்த எமது மூன்று மனுக்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் ஊரைத் தங்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. தைப்பூசக் காவடிக்கு எங்கள் கோயிலுக்கு வந்து, பள்ளியின் பின்கட்டில் இருக்கும் தமிழ் வகுப்பறையையும் பார்த்து, மழை ஒழுகும் மூலையைத் தாங்களே சுட்டிக் காட்டினீர்கள். இந்த மனு அந்த ஒழுகலைப் பற்றியதன்று. அதற்கு வாளி வைத்துக்கொள்கிறோம்.

எங்கள் பள்ளிக்கும் தஞ்சை மாவட்டத்தில் உள்ள ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிக்கும் இடையே, இரு தலைமையாசிரியர்களின் எழுத்து உடன்பாட்டின் பேரிலும் தங்கள் அலுவலகத்தின் வாய்மொழி இசைவின் பேரிலும், சென்ற ஆண்டு ஜூன் இறுதியில் வாரம் ஒரு பாடவேளை இணையவழிக் கூட்டு வகுப்பு தொடங்கியது. வியாழன் காலை 9.45 மணிக்கு இங்கே திரையை இயக்கினால் அங்கே 11.15; இரு பக்கமும் பிள்ளைகள் உறக்கம் தெளிந்து உட்கார்ந்திருப்பார்கள். இவ்வாண்டு ஜனவரியில் வந்த புதிய கால அட்டவணை தமிழ்ப் பாடவேளை முழுவதையும் பிற்பகல் 2.35க்குத் தள்ளியது. அப்போது அங்கே மணி 4.05. சில நிமிடங்களில் பள்ளி விட்டுவிடும். எங்கள் குறை இவ்வளவுதான், ஐயா. இதைச் சரிசெய்யப் பணம் தேவையில்லை, கட்டடம் தேவையில்லை, ஒரு கையொப்பம் போதும்.

கீழ்க்காணும் காரணங்களைக் கனிவுடன் பரிசீலிக்குமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.

1. எங்கள் தமிழ் வகுப்பில் மூன்றாம், நான்காம் வகுப்புப் பிள்ளைகள் பதினாறு பேர் ஒரே அறையில் அமர்கிறார்கள். வீட்டில் கிரியோல், பாடங்களில் ஆங்கிலமும் பிரெஞ்சும், இவற்றுக்குப் பிறகே தமிழ். சிலர் தாத்தா பாட்டியிடம் கேட்ட சொற்களோடு வருகிறார்கள். சிலருக்குக் கோயிலில் கேட்ட தேவாரமும் ரூபாய்த் தாளில் பார்த்த எழுத்துமே தமிழ். மோக்கா மகாத்மா காந்தி நிறுவனம் தயாரித்த பாடநூல்களில் நாங்கள் குறை காணவில்லை. ஆனால் ஒரே பக்கத்தை ஒரே வேகத்தில் பதினாறு பேரும் புரட்ட முடியாது என்பதை அந்த அறையில் அரைமணி நேரம் அமர்ந்த எவரும் அறிவார்.

2. தஞ்சைப் பள்ளியை நாங்கள் நாடியதும் இதற்காகவே. தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டு சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் தொடங்கிப் பின்னர் மாநிலம் முழுதும் பரவிய செயல்வழிக் கற்றலில், பாடம் சிறு சிறு அட்டைகளாகப் பிரிக்கப்பட்டு ஓர் ஏணியாக அடுக்கப்பட்டது. ஒவ்வொரு பிள்ளையும் தான் நின்ற படியிலிருந்து தன் வேகத்தில் ஏறியது. பிள்ளைகள் எழுதவென்றே சுவரின் கீழ்ப்பகுதியில் கரும்பலகை, அவர்கள் வரைந்ததைத் தொங்கவிடக் கம்பிப் பந்தல். 2022இல் வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் முதல் மூன்று வகுப்புகளின் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று அவரவர் நிலைப்படி பிரித்து அமர்த்துகிறார்கள். இரு வகுப்புகளை ஒரே அறையில் வைத்துத் தவிக்கும் எங்கள் ஆசிரியைக்கு இதைவிடப் பொருத்தமான துணை எங்கே கிடைக்கும்? அங்குள்ள ஆசிரியை அட்டைகளின் மாதிரியைத் திரையில் காட்டுவார். எங்கள் பிள்ளைகள் பழைய காலண்டர் அட்டையில் அவற்றைச் செய்வார்கள். அங்கே நெல் வயலென்றால் இங்கே கரும்பு என்று படத்தை மாற்றிக்கொண்டது பிள்ளைகளின் சொந்த யோசனை.

3. இனி, எங்களை மிகவும் வருத்துவதைச் சொல்கிறோம். நான்காம் வகுப்பில் ஒரு பையன் இருக்கிறான், கொத்தனார் மகன். மூன்றாண்டு தமிழ் படித்தும் ஒரு வரியைக் கூட்டி வாசிக்க அவனால் முடியவில்லை. எழுத்துகள் தாளில் நிற்காமல் நகர்கின்றன என்று தாயிடம் சொல்லியிருக்கிறான். சென்ற ஆண்டு இதே கூட்டு வகுப்பில், அங்குள்ள பிள்ளைகள் தட்டில் நெல் பரப்பி விரலால் எழுதுவதைப் பார்த்துவிட்டு, மறுநாள் தந்தையின் வேலையிடத்திலிருந்து சலித்த மணல் கொண்டுவந்தான். முதலில் வசப்பட்ட எழுத்து ‘ழ’. நாமெல்லாம் நாக்கை மடித்துத் தடுமாறும் எழுத்து அவனுக்கு நத்தையாகத் தெரிந்ததாம். அங்கே ஒரு சிறுமி அவனுக்கு இணையாக அமைந்தாள். அவள் நெல்லில் எழுதுவாள், அவன் படிப்பான், அவன் மணலில் எழுதுவான், அவள் படிப்பாள். அக்டோபரில் அவன் தானாக எழுதிய முதல் வாக்கியம்: “மழை வந்தால் உங்கள் நெல் நனையுமா?” அதற்கு அவள் பதில் சொல்லும் முன் இணைப்பு அறுந்தது, அடுத்த வாரங்களில் அங்கே மழை விடுமுறை, பிறகு இங்கே ஆண்டு விடுமுறை. ஜனவரியில் பள்ளி திறந்ததும் அவன் முதல் வரிசையில் போய் உட்கார்ந்தான், ஐயா. 2.35க்குத் திரை தெளிந்தபோது அங்கே பெஞ்சுகள் காலி. அறையைப் பெருக்கிக்கொண்டிருந்த அம்மா ஒருவர் எங்களைப் பார்த்துக் கையசைத்தார். அடுத்த வியாழனும் அதே அம்மா. அதற்கடுத்த வியாழன் புயல் எச்சரிக்கையால் நம் பள்ளியே இல்லை. அங்குள்ள தலைமையாசிரியை இரக்கப்பட்டு ஐந்து பிள்ளைகளைக் கால்மணி நேரம் நிறுத்திப் பார்த்தார்; வயல்வழி நடந்துபோகும் பிள்ளைகளை எத்தனை நாள் நிறுத்த முடியும்? இப்போது திரையை இயக்குவதையே விட்டுவிட்டோம். அவன் கேட்ட கேள்விக்கு ஏறக்குறைய ஓராண்டாகப் பதில் இல்லை. எங்கள் மனுக்களுக்கும் இல்லை. அடுத்த ஆண்டு தமிழ் வேண்டாம் என்று அவன் வீட்டில் சொல்லிவிட்டான். அவனோடு இன்னும் மூவர். தமிழ் விருப்பப் பாடம். பெற்றோர் படிவத்தில் கோடிழுத்தால் முடிந்தது. நால்வர் போனால் எங்கள் வகுப்பில் எஞ்சுவோர் பன்னிருவர். பிறகு, எண்ணிக்கை குறைந்துவிட்டது என்று தங்கள் அலுவலகமே எங்களுக்குக் கடிதம் எழுதும். அந்தக் கடிதம் மட்டும் தாமதமின்றி வரும்.

4. அட்டவணையை மாற்ற மண்டல ஆணை வேண்டும் என்கிறார் தலைமையாசிரியர். அது தலைமையாசிரியரின் அதிகாரத்துக்கு உட்பட்டது என்றார் தங்கள் அலுவலக எழுத்தர். இதை எழுதிக் கொடுங்கள் என்று மார்ச்சில் கேட்டோம். இன்றுவரை எழுதிக் கொடுக்கவில்லை.

5. காலை வேளை ஆறாம் வகுப்புத் தேர்வுக்கான பாடங்களுக்கு உரியது என்ற மறுப்பு எங்கள் காதுக்கு வந்தது. நாங்கள் கேட்பது மூன்றாம், நான்காம் வகுப்புகளுக்கு, வாரத்தில் ஒரே ஒரு பாடவேளை.

6. பக்கத்துத் தீவான ரியூனியனின் பள்ளிகள் பிரான்சின் பள்ளிகள் என்பதால், 2005இல் தொடங்கிய ஐரோப்பிய ‘ஈட்வின்னிங்’ என்னும் இணையத் திட்டத்தின் வழியே வெளிநாட்டுப் பள்ளிகளோடு சேர்ந்து பாடம் நடத்தும் வாய்ப்பு அவற்றுக்கு உண்டு. எங்களுக்கு அத்தகைய ஏற்பாடு ஏதுமில்லை. ஆசிரியையின் கைப்பேசியும் அவரே போடும் ரீசார்ஜும்தான் ஏற்பாடு. அதையும் குறையாகச் சொல்லவில்லை.

ஐயா, காலம் குறைவு. நம் பள்ளியாண்டு ஜனவரியில் தொடங்குகிறது, அங்கே ஜூனில். மே மாதம் அவர்களுக்குக் கோடை விடுமுறை, ஆண்டிறுதியில் நமக்கு விடுமுறை. இப்போது ஆகஸ்ட் முடிகிறது. செப்டம்பர் இறுதியில் அங்கே காலாண்டு விடுமுறை வரும். அக்டோபரில் மழை தொடங்கும். இரு பள்ளிகளும் சேர்ந்து திறந்திருக்கும் வியாழக்கிழமைகளைக் காலண்டரில் எண்ணிப் பார்த்தோம். இரு கை விரல்கள் தேவைப்படவில்லை. மார்ச்சில் ஆணை கிடைத்திருந்தால் இந்த எண்ணிக்கைக்கு அவசியமே வந்திராது.

ஆகவே, வியாழக்கிழமைத் தமிழ்ப் பாடவேளையைக் காலை 9.45க்கு மாற்ற ஆணையிடுமாறு மீண்டும் வேண்டுகிறோம். மாற்ற இயலாது என்றால் அதையாவது ஒரு வரியில் எழுத்தாகத் தருமாறு வேண்டுகிறோம். அங்குள்ள தலைமையாசிரியைக்கு நாங்கள் ஒரு பதில் சொல்லியாக வேண்டும். வரும் வியாழன் காலை தாங்கள் எங்கள் வகுப்புக்கு வந்தால் இன்னும் நன்று. அன்று ஒரு நாள் மட்டும் 9.45க்குத் திரையை இயக்கத் தலைமையாசிரியர் ஒப்புக்கொண்டிருக்கிறார். பையனிடம் இன்னும் சொல்லவில்லை.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
செயலர், பெற்றோர் ஆசிரியர் சங்கம்

இணைப்பு: பதினாறு பிள்ளைகளின் பெற்றோர் கையொப்பங்கள், முந்தைய மூன்று மனுக்களின் நகல்கள், இரு தலைமையாசிரியர்களின் உடன்பாட்டுக் கடித நகல்.