தை மாதத்தில் ஒழுகிய கூரை

கோத்தகிரி,
கார்த்திகை 5

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் முந்தாநாள் வந்தது. பேத்தி பிறந்த சேதியை அம்மாவிடம் உரக்கப் படித்துக் காட்டினேன். தாத்தாவாகிவிட்டாய், இனியாவது அந்தப் பச்சை ஸ்வெட்டரைத் தூக்கிப்போடு. இங்கே பத்து நாளாக வெயில் முகம் பார்க்கவில்லை. ஐப்பசி, கார்த்திகை மழை ஊட்டியைவிட எங்கள் பக்கம்தான் ஓங்கி அடிக்கும், உனக்குத் தெரியாததா!

கொடைக்கானல் வீட்டின் நடு அறையைத் தடுத்து பாத்ரூம் கட்டப்போகிறாயாமே, நாலு பக்கமும் உள்சுவர். நான் பட்டதைக் கேட்டுவிட்டு ஆரம்பி.

அம்மா ராத்திரியில் வெளியே போகவேண்டாம் என்று, ஆறுக்கு எட்டில் நானும் அப்படித்தான் ஒன்று கட்டினேன். ஜன்னலுக்கு வழியில்லை, சீலிங்கில் எக்ஸாஸ்ட் ஃபேன். தை மாதம், சொட்டு மழை கிடையாது, ஹால் சீலிங் ஒழுகுகிறது. தகரத்தில் ஓட்டை என்று ஆளை ஏற்றித் தார் பூசினேன். மறுபடியும் ஒழுகல். டார்ச்சோடு, சீலிங்குக்கும் தகரத்துக்கும் நடுவிலுள்ள மச்சுக்குள் தலையை விட்டுப் பார்த்தால், தகரத்தின் அடியெல்லாம் முத்து முத்தாகத் தண்ணீர். ரீப்பர் கட்டையை விரலால் அழுத்தினேன், ஊறின ரொட்டி மாதிரி அமுங்கியது. ஃபேன் ஆவியை வெளியே தள்ளவே இல்லை, மச்சுக்குள் தள்ளியிருக்கிறது! மாட்டிய ஆளைக் கேட்டால், "ஆவிதானே, அதுவா போயிடும் சார்."

இப்போது 4 இஞ்ச் பிவிசி பைப் வெளிச்சுவரைத் தாண்டிப் போகிறது. வெளிப்பக்கம் சற்றுச் சாய்வாகப் போடச் சொல். நம் குளிருக்குப் பைப்புக்குள்ளும் தண்ணீர் கட்டும், அது ஃபேன் மேல் திரும்பி வரக்கூடாது. மச்சுக்குள் போகிற நீளத்துக்கு ஃபோம் சுற்று. வளைவு குறைவாக இருக்கட்டும். வெளிமுனையில் தானே மூடிக்கொள்ளும் தட்டு இல்லாவிட்டால் பனிக்காற்று நேராகத் தலையில் இறங்கும்.

என் அறை 9 அடி உயரம், 432 கன அடி. மணிக்கு எட்டு முறை காற்று மாற நிமிடத்துக்குச் சுமார் 58 கன அடி இழுக்கவேண்டும். நீளப் பைப்பில் வேகம் குறையும் என்று 100 கன அடி ஃபேன் வாங்கினேன். அப்படியும் கண்ணாடியில் ஆவி! குளிருக்குப் பயந்து கதவடியில் துணியைச் சுருட்டி அடைத்திருந்தாள் உன் தங்கச்சி. உள்ளே வரக் காற்று இல்லாமல் ஃபேன் எதை இழுக்கும்? கதவை அடியில் முக்கால் இஞ்ச் அறுத்தேன். கதவடியில் பத்தி கொளுத்திப் பிடித்துப் பார், புகை உள்ளே சாயவேண்டும்.

மாப்பிள்ளை கேஸ் கெய்சர் வாங்கலாம் என்கிறார் என்று எழுதியிருந்தாய். அந்த அறைக்குள் வேண்டவே வேண்டாம். எரிந்த வாயுவில் கார்பன் மோனாக்சைடு வரும். வாசனையும் தெரியாது, நிறமும் தெரியாது. ஃபேன்தான் இருக்கிறதே என்று நினைக்காதே, உள்ளே வரும் காற்று போதாவிட்டால், கெய்சரின் குழாய் வழியே வெளியே போகவேண்டிய அந்த வாயுவை ஃபேனே அறைக்குள் இழுத்துவிடும். கரண்ட் கெய்சரே போடு.

குளித்தபின் இருபது நிமிடமாவது ஃபேன் ஓடவேண்டும். கரண்ட் பில் ஏறுகிறது என்று அம்மா உடனே அணைத்துவிடுகிறாள். போன வாரம் ஸ்விட்சை அவளுக்கு எட்டாத உயரத்தில் மாற்றினேன். இப்போது ஊன்றுகோலால் அணைக்கிறாள்.

பொங்கலுக்கு வருகிறாய் அல்லவா? கொஞ்சம் மலைப்பூண்டு கொண்டு வா.

அன்புடன்,
ராமு